‘குளோரி’ (1989): எது நடந்தது, எது படத்துக்காகச் சேர்த்தது? திரையிடலுக்கு முன் சில கேள்விகள்

நிழற்கொட்டகை:

வணக்கம். எங்கள் திரைப்பட வட்டத்தில் அடுத்ததாக எட்வர்ட் ஸ்விக் இயக்கிய ‘குளோரி’யைத் திரையிடுகிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65; அடிமைமுறையை வைத்துப் பிரிந்துபோன தென் மாகாணங்களுக்கும், யூனியன் எனப்பட்ட வட மாகாணத் தரப்புக்கும் நடந்தது) சண்டையிட்ட 54ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படை, அதாவது வெள்ளை அதிகாரிகளின் கீழ் கறுப்பின வீரர்கள் மட்டுமே இருந்த ரெஜிமென்ட் பற்றிய படம். வருபவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் போரைப் பற்றி லிங்கன் பெயருக்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. முன்னால் பத்து நிமிட அறிமுகம், பின்னால் கலந்துரையாடல் என்று திட்டம்.

கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்த இடங்கள் இவை: டென்சல் வாஷிங்டன் சவுக்கடி வாங்கும் காட்சி உண்மையா? சம்பளச் சீட்டைக் கிழிக்கும் காட்சியில் கணக்கு என்ன? பயிற்சியில் ஒருவர் காதருகே கர்னல் துப்பாக்கியைச் சுட்டு மிரட்டுகிறாரே, அது எதற்கு? கடைசியில் திறந்த கடற்கரையில் நேராக ஓடிப்போய்ச் சாகிறார்கள். இப்படியா போர் செய்வார்கள்? “கோட்டை கடைசிவரை பிடிபடவில்லை” என்று எழுத்து போடுகிறார்களே, சரிதானா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மேலோட்டமாக வேண்டாம்.

---

பழைய ஏடு:

முதலில் சவுக்கடி. அந்தக் காட்சி நடந்திருக்க முடியாது. அமெரிக்க ராணுவத்தில் சவுக்கடித் தண்டனையை 1861 ஆகஸ்டிலேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். 54ஆவது ரெஜிமென்ட் உருவானது 1863 தொடக்கத்தில். கர்னல் ராபர்ட் குல்ட் ஷா கறாரான ஆள், அதில் சந்தேகமில்லை. பீப்பாய் மேல் மணிக்கணக்கில் நிற்கவைப்பது போன்ற தண்டனைகள் முகாமில் இருந்தன. ஆனால் சட்டையைக் கழற்றிச் சக்கரத்தில் கட்டி அடிப்பது கிடையாது. பழைய தழும்புகள் மேல் புதுத் தழும்பு விழுவதைக் காட்ட வேண்டும் என்பதற்காக எழுதிய காட்சி. நடிப்பில் குறை சொல்ல முடியாது, ஆஸ்கரும் கிடைத்தது. வரலாறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அதே காட்சிக்குக் காரணமாக வரும் காலணிப் பஞ்சமும் அப்படித்தான். மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூவுக்கு இந்த ரெஜிமென்ட் கௌரவப் பிரச்சினை. பாஸ்டனின் வசதியான அடிமை ஒழிப்பு ஆதரவாளர்கள் பணம் திரட்டினார்கள். ரெட்வில் ஊரில் இருந்த மீக்ஸ் முகாமில் உடை, காலணி, துப்பாக்கி எதற்கும் பெரிய தட்டுப்பாடு இல்லை. மருத்துவப் பரிசோதனை மிகக் கறாராக இருந்ததால் உடல்தகுதியுள்ளவர்கள் மட்டுமே உள்ளே வந்தார்கள்.

இதைவிட முக்கியமான திரிபு ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்க மாட்டார்கள். படத்தில் முன்னணியில் வரும் நால்வரில் ஒருவர் மட்டும் படித்தவர், மற்றவர்கள் தப்பி வந்த அடிமைகள் அல்லது அந்தப் பின்னணி கொண்டவர்கள். ரெஜிமென்ட் முழுவதும் அப்படித்தான் என்ற எண்ணம் வந்துவிடும். உண்மை தலைகீழ். 54ஆவதில் பெரும்பாலோர் வட மாகாணங்களில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்கள்: விவசாயக் கூலிகள், மாலுமிகள், முடிதிருத்துபவர்கள், சமையல்காரர்கள். பென்சில்வேனியா, நியூயார்க், ஓஹையோ என்று பல மாகாணங்களிலிருந்து வந்தார்கள், கனடாவிலிருந்தும் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அடிமை ஒழிப்புத் தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸின் இரண்டு மகன்கள், லூயிஸும் சார்லஸும், சேர்ந்தார்கள். லூயிஸ் சார்ஜென்ட் மேஜர் ஆனார், படத்தின் கடைசியில் வரும் வாக்னர் கோட்டைத் தாக்குதலிலும் இருந்தார். படத்தில் அவர் கிடையாது. அப்பா டக்ளஸ் மட்டும் நரைத்த தாடியோடு ஒரு விருந்தில் நிற்கிறார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துகூட முழுதாக ஆகவில்லை.

ட்ரிப் (டென்சல் வாஷிங்டன்), ராலின்ஸ், சியர்ல்ஸ், ஷார்ட்ஸ் நால்வரும் கற்பனைப் பாத்திரங்கள். ஷாவின் துணை அதிகாரியாக வரும் ஃபோர்ப்ஸும் கற்பனைதான். உண்மையில் அந்த இடத்தில் இருந்தவர் எட்வர்ட் ஹாலோவெல், குவேக்கர் (அடிமைமுறையை எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்துக்காரர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், சம்பள விஷயத்தில் திரும்ப வருவார்.

---

கரிமருந்து:

துப்பாக்கிப் பயிற்சிக் காட்சிக்கு நான் பதில் சொல்கிறேன். படத்தில் மிகச் சரியாக எடுத்த காட்சிகளில் அதுவும் ஒன்று.

அவர்கள் கையில் இருப்பது என்ஃபீல்ட் ரைபிள் மஸ்கட், 0.577 அங்குலக் குழல், வாய்ப்பக்கம் மருந்திடும் வகை. ஒரு குண்டு சுட்டால் அடுத்ததற்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். துப்பாக்கியைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, வலப்பக்கத் தோல் பெட்டியிலிருந்து காகிதத் தோட்டாவை எடுக்க வேண்டும். அதன் முனையைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். மருந்து கிட்டத்தட்ட நான்கு கிராம். பிறகு ஈயக் குண்டை வாயில் வைத்து, கெட்டிக்கும் கம்பியை உருவி, அடிவரை இடித்து இறக்கி, கம்பியைத் திரும்ப அதன் இடத்தில் செருக வேண்டும். துப்பாக்கியைத் தூக்கி, குதிரையை (சுத்தியல் மாதிரி அடிக்கும் பாகத்தை) பாதி இழுத்து, இடைவார்ப் பையிலிருந்து ஒரு கேப்பை எடுத்துக் கூம்பின் மேல் பொருத்த வேண்டும். தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகள் வெடிக்கும் கேப் மாதிரிதான், செம்பில் செய்தது. அப்புறம்தான் குதிரையை முழுக்க இழுத்துக் குறிபார்த்துச் சுடுவது. பயிற்சி நூல்களில் இதை ஒன்பது கட்டளைகளாகப் பிரித்திருப்பார்கள்.

நல்ல வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். அதாவது இருபது விநாடிக்கு ஒரு குண்டு. அமைதியான மைதானத்தில் இது எவருக்கும் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவன் விழும்போது வருமா என்பதுதான் கேள்வி. அதனால்தான் ஷா, குறி நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படும் ஷார்ட்ஸின் காதுக்குப் பின்னால் ரிவால்வரைச் சுட்டு “வேகம், வேகம்” என்று கத்துகிறார். அவன் கை நடுங்குகிறது, மருந்து சிந்துகிறது. காட்சி சொல்ல வந்தது அதைத்தான்.

பதற்றத்தில் என்னென்ன தவறு நடக்கும்? கெட்டிக்கும் கம்பியை உருவாமல் குழலுக்குள்ளேயே விட்டுச் சுட்டுவிடுவார்கள். கம்பி பறந்து போய்விடும், அதற்குமேல் அந்தத் துப்பாக்கி வெறும் தடி. அதைவிட அதிகம் நடந்தது கேப்பை மறப்பது. நாலாபக்கமும் சத்தம், புகை. தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே தெரியாது. விசையை அழுத்திவிட்டு, வெடித்தது என்று நினைத்து மேலே இன்னொரு தோட்டாவை இடிப்பார்கள். இதே போரின் பெரிய சண்டைகளில் ஒன்றான கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து பொறுக்கிய சுமார் 27,000 துப்பாக்கிகளில் ஏறக்குறைய 24,000 மருந்து இட்டபடியே கிடந்தன. அவற்றில் பல ஆயிரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள். ஒன்றில் மட்டும் 23. அவர்களும் பயிற்சி பெற்ற வீரர்கள்தான்.

இன்னொன்று, கரிமருந்து எரிந்தால் குழலில் கசடு படியும். இருபது, முப்பது சுற்றுக்குப் பிறகு குண்டு இறங்கவே அடம்பிடிக்கும். பல்லால் கிழிப்பதால் வாயெல்லாம் உப்பும் கரியும், தாகம் தாங்காது. தண்ணீர்க் குடுவை இல்லாமல் எந்த வீரனும் நகர மாட்டான். இதைப் படத்தில் கவனித்துப் பாருங்கள், உதடுகளில் கரி பூசியிருப்பார்கள்.

---

கணக்கன்:

சம்பளக் காட்சிதான் எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கும் பெரிய புகார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கணக்கு முதலில். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடைப்படி 3.50 தனி. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். கைக்கு வருவது 7. படத்தில் 13க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் விழும், பிடித்தத்தைப் பார்வையாளர்கள் கவனிக்க மாட்டார்கள். இன்னும் ஒரு கொடுமை, இந்த 10 டாலர் பதவிக்கு ஏற்ப ஏறாது. வெள்ளை ரெஜிமென்டில் சார்ஜென்டுக்கு 17, சார்ஜென்ட் மேஜருக்கு 21. கறுப்பின சார்ஜென்ட் மேஜருக்கும் அதே 7தான். ஒரே வேலை, ஒரே பட்டை, மூன்றில் ஒரு பங்கு கூலி.

எங்கிருந்து வந்தது இந்த 10? 1862 ஜூலையில் போட்ட மிலிஷியா சட்டத்திலிருந்து. அப்போது அரசின் மனதில் இருந்தது போர் வீரர்கள் இல்லை, தென் மாகாணங்களிலிருந்து தப்பிவந்து பதுங்குகுழி வெட்டவும் மூட்டை தூக்கவும் கிடைத்த ஆட்கள். போர்த்துறை அந்தச் சட்டத்தை எடுத்து, ஆள்சேர்ப்பின்போது மற்ற வீரர்களுக்குச் சமமான சம்பளம் என்று வாக்குக் கொடுத்துச் சேர்த்த ரெஜிமென்டுக்கும் பொருத்திவிட்டது. யாரோ ஒரு கெட்ட அதிகாரி செய்த வேலையில்லை, சட்டப் பிரிவைக் காட்டி நடந்தது.

படத்தில் பயிற்சி முகாமிலேயே செய்தி வருகிறது. ட்ரிப் “கிழித்துப் போடுங்கள்” என்று தூண்ட, கடைசியில் ஷாவும் தன் சீட்டைக் கிழிக்கிறார், எல்லாரும் ஆரவாரம். இரண்டு நிமிடத்தில் பிரச்சினை முடிந்துவிடுகிறது. உண்மையில் தென் கரோலினா போன பிறகு, 1863 ஜூன் கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. ஷா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், ஒன்று முழுச் சம்பளம் கொடுங்கள், இல்லையென்றால் இவர்களைப் படையிலிருந்து விடுவியுங்கள் என்ற நிலையை எடுத்தார். அது அவருக்குப் பெருமைதான். ஆனால் ஜூலை 18 அன்று அவர் இறந்துவிட்டார். சம்பள அதிகாரி பணத்தோடு வந்து நின்றதும், வீரர்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றதும் அதற்குப் பிறகு. ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறை வரும்போதும் மறுத்தார்கள். செப்டம்பர் கடைசியில் கர்னல் மாண்ட்கோமரி (படத்தில் ஊரைக் கொளுத்தச் சொல்கிறாரே, அவர்தான்) அணிவகுப்பில் நிறுத்தி, வாங்காவிட்டால் கலகம் என்று மிரட்டிப் பேசியும் ஒருவரும் கை நீட்டவில்லை.

நவம்பரில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஒரு வழி சொன்னது: மத்திய அரசு 7 கொடுக்கட்டும், மீதியை மாகாணம் போட்டுத் தரும். பணக்கணக்கில் பார்த்தால் முழுச் சம்பளம். அதையும் மறுத்தார்கள்! கேட்டது காசு மட்டும் இல்லை, அமெரிக்க அரசின் கையால் சமமான சம்பளம். ஊரில் குடும்பங்கள் பட்டினி, சிலருடைய மனைவி மக்கள் அனாதை விடுதி மாதிரியான ஏழைகள் இல்லத்துக்குப் போக நேர்ந்தது. பதினெட்டு மாதம் ஒரு காசு வாங்காமல் சண்டையிட்டார்கள்.

இதே கோரிக்கைக்காக 3ஆவது தென் கரோலினா ரெஜிமென்டின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், தன் கம்பெனி ஆட்களோடு தளபதியின் கூடாரத்தின் முன் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார். கலகம் என்று தீர்ப்பு. 1864 பிப்ரவரி 29, அவரைச் சுட்டுக்கொன்றார்கள், சொந்த ராணுவமே. ஆக, மறுப்பது என்றால் விளையாட்டு இல்லை.

1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இறங்கிவந்தது, அதிலும் ஒரு முடிச்சு. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவர்களுக்குத்தான் சேர்ந்த நாளிலிருந்து முழுப் பாக்கி. அன்று அடிமையாக இருந்தவருக்கு 1864 ஜனவரியிலிருந்துதான். ஒரே ரெஜிமென்டுக்குள் ஆளைப் பிரிக்கிற வேலை. இங்கேதான் ஹாலோவெல் வருகிறார். ஷாவுக்குப் பிறகு கர்னல் ஆனவர். “குவேக்கர் உறுதிமொழி” என்று பின்னால் பெயர் பெற்ற ஒன்றை எழுதினார்: அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ, கூலியில்லாமல் என் உழைப்பைக் கேட்கும் உரிமை எந்த மனிதனுக்கும் இருக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அடிமையாக இருந்தவரும் மனசாட்சியோடு இதற்குக் கை தூக்கலாம், சட்டத்தின் கண்ணில் எவனுக்கு உரிமை இருந்தாலும் கடவுளின் கண்ணில் கிடையாதே. எல்லாரும் தூக்கினார்கள். 1864 செப்டம்பர் இறுதியில் பட்டுவாடா நடந்தது, மொத்தம் சுமார் 1,70,000 டாலர்.

இவ்வளவையும் ஒரு சீட்டுக் கிழிப்பில் அடக்கி, முத்தாய்ப்பை வெள்ளைக் கர்னல் கையில் கொடுத்துவிட்டார்கள். கலந்துரையாடலில் வேறெதுவும் பேசாவிட்டாலும் இதைப் பேசுங்கள்.

---

நிழற்கொட்டகை:

கணக்கன் சார், இது ஒன்றே தனிப் படமாக எடுக்கலாம் போலிருக்கிறதே. அப்படியானால் ‘வெள்ளைக்காரர் வந்து காப்பாற்றும் கதை’ என்று சிலர் சொல்லும் விமர்சனம் சரி என்கிறீர்களா?

---

எதிர்ப்பக்கம்:

முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். படம் ஷாவின் கண் வழியாக நகர்வதற்குக் காரணம், கைக்குக் கிடைத்த மூலப்பொருள். அவர் வீட்டுக்கு எழுதிய ஏராளமான கடிதங்கள் இருந்தன. படத்தில் குரலாக ஒலிப்பவை அந்தக் கடிதங்களைச் சார்ந்தவைதான். கறுப்பின வீரர்கள் எழுதியவையும் இருந்தன, ஆனால் பழைய செய்தித்தாள்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் சிதறிக் கிடந்தன. நியூ பெட்ஃபோர்டிலிருந்து சேர்ந்த கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், முன்பு திமிங்கிலக் கப்பல் மாலுமி, தன் ஊர்ச் செய்தித்தாளுக்குப் போர்க்களத்திலிருந்து தொடர்ந்து எழுதினார். அவை தொகுப்பாக வந்தது 1991இல், படம் வந்த பிறகு.

அந்தக் குடிங்தான் 1863 செப்டம்பர் 28 அன்று நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்பதுதான் அதன் மையக் கேள்வி. சிப்பாயின் கடமையை நாங்கள் செய்தாகிவிட்டது, சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை என்று கேட்டார். கெஞ்சல் இல்லாத கடிதம். அடுத்த பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் ஒலஸ்டீ சண்டையில் பிடிபட்டு, 1864 ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்தார். சமச் சம்பளம் அவர் கைக்கு வரவில்லை.

இயக்குநருக்கு ஒரு நியாயம் உண்டு: 1989இல் பெரிய ஸ்டூடியோ பணத்தில், கறுப்பின வீரர்கள் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டார்கள் என்ற செய்தியையே அமெரிக்கர்களில் பலர் இந்தப் படத்தில்தான் முதலில் பார்த்தார்கள். தரைப்படையில் மட்டும் ஏறத்தாழ 1,79,000 பேர். யூனியன் படையில் பத்தில் ஒருவர். சுமார் 40,000 பேர் இறந்தார்கள், அதில் முக்கால்வாசி நோயால். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்ததை இரண்டு மணி நேரம் முகத்துக்கு நேரே காட்டியது சின்ன விஷயமில்லை. ஆனால் கணக்கன் சொன்ன குறையை இந்த நியாயம் அழிக்காது.

ஒரு திருத்தமும் சேர்க்கிறேன். 54ஆவதைச் சிலர் “முதல் கறுப்பினப் படை” என்று அறிமுகம் செய்வார்கள். தவறு. லூசியானாவிலும் தென் கரோலினாவிலும் கான்சாஸிலும் அதற்கு முன்பே இருந்தன. போர்ட் ஹட்சன் தாக்குதல் 1863 மே 27, மில்லிகன்ஸ் பெண்ட் சண்டை ஜூன் 7. இரண்டிலும் கறுப்பின வீரர்கள் கடுமையாகச் சண்டையிட்டுவிட்டார்கள். 54ஆவதுக்குப் பெயர் வந்ததற்கு பாஸ்டன் செய்தித்தாள்களும் ஷா குடும்பத்தின் செல்வாக்கும் ஒரு காரணம்.

---

மணல்மேடு:

கடைசித் தாக்குதலுக்கு வருகிறேன். “இப்படியா போர் செய்வார்கள்” என்று கேட்பது நியாயம்தான், அன்றும் கேட்டார்கள்.

வாக்னர் கோட்டை சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் மாரிஸ் தீவில் இருந்தது. கல் கோட்டை இல்லை, மணலும் பனைவகை மரத்தடிகளும் சேர்த்துக் கட்டிய மேடு. இது கேட்க பலவீனமாக இருக்கும், ஆனால் பீரங்கிக்கு மணல் பொல்லாத எதிரி. செங்கல் சுவர் நொறுங்கும். மணல் குண்டை விழுங்கிக்கொள்ளும், கலைந்த இடத்தை இரவில் மண்வெட்டியால் சரிசெய்துவிடலாம். ஜூலை 18 அன்று காலையிலிருந்து மாலைவரை நிலத்திலிருந்தும் போர்க்கப்பல்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் குண்டு பொழிந்தார்கள். உள்ளே 1,700 பேர் அளவில் இருந்த படையில் பெரும்பகுதி மணலுக்கு அடியிலிருந்த பாதுகாப்பு அறைக்குள் உட்கார்ந்திருந்தது. இழப்பு மிகச் சொற்பம். வெளியிலிருந்து பார்த்த யூனியன் தளபதிகள், மணல் பறப்பதைப் பார்த்துக் கோட்டை செத்துவிட்டது என்று கணக்குப் போட்டார்கள். தோல்விக்கு அடிப்படைக் காரணம் இந்தத் தப்புக் கணக்கு. ஒரு வாரம் முன்பு, ஜூலை 11இல், அதே கோட்டையை ஒருமுறை நேராகத் தாக்கி 339 பேரை இழந்திருந்தார்கள், எதிர்த்தரப்புக்கு 12. அதிலிருந்தும் பாடம் படிக்கவில்லை.

வழி ஒன்றுதான். ஒருபக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு. கோட்டையை நெருங்கும்போது சதுப்பு உள்ளே வந்து மணல்திட்டு குறுகிவிடும். அகலமாக வந்த வரிசை அங்கே நசுங்கும். ஓரத்தில் இருப்பவர்கள் கடல் தண்ணீரில் இறங்கி ஓட வேண்டும். அந்தக் குறுகலில் கோட்டையின் துப்பாக்கிகள் எல்லாம் ஒன்றுசேரும். நின்று சுட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் இருபது விநாடி (கரிமருந்து மேலே சொன்னது), பின்னால் வருபவர்கள் முட்டிக்கொள்வார்கள். ஆகவே பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) மாட்டிக்கொண்டு ஓட்டம்தான். ஏணியும் கிடையாது, கோட்டை அமைப்பு தெரிந்த வழிகாட்டியும் கிடையாது.

54ஆவது வீரர்கள் அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஜூலை 16, ஜேம்ஸ் தீவில் சண்டையிட்டு நாற்பதுக்கு மேற்பட்டவர்களை இழந்திருந்தார்கள். படத்தில் காட்டுக்குள் நடக்கும் சண்டை அதுதான். அன்றிரவு மழையில், சேற்றில், ஒற்றைப் பலகைப் பாலங்களில் நடை. சரியான சாப்பாடோ தூக்கமோ இல்லை. அந்த நிலையில் வந்து சேர்ந்தவர்களிடம் ஜெனரல் ஸ்ட்ராங் முன்னணி இடத்தைக் கொடுக்க, ஷா ஒப்புக்கொண்டார். சில நாள் முன்புதான் அவர், வெள்ளைப் படைகளோடு சேர்ந்து சண்டையிட வாய்ப்புக் கேட்டு ஸ்ட்ராங்குக்கு எழுதியிருந்தார். கறுப்பின வீரர்களிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஈட்டி கொடுக்கலாம் என்ற பேச்சுகூட அந்த மாதம் உலவியது. கொள்ளையடிக்கவும் குழி தோண்டவும் மட்டும் பயன்படுகிறோம் என்ற ஆத்திரத்தைப் படம் சரியாகவே பிடித்திருக்கிறது. (உயரதிகாரியின் ஊழலைச் சொல்லி மிரட்டி ஷா போர்முனைக்கு உத்தரவு வாங்கும் காட்சி கற்பனை.)

இருட்டும் நேரத்தில் 54ஆவதின் 600 பேர் கிளம்பினார்கள். அகழியைத் தாண்டி மணல்சரிவில் ஏறி மதில் உச்சிவரை போனார்கள். ஷா அங்கேதான் விழுந்தார், வயது 25. கொடி தூக்கியவர் விழ, சார்ஜென்ட் வில்லியம் கார்னி அதை எடுத்து, பல காயங்களோடு திரும்பக் கொண்டுவந்தார். கொடி தரையைத் தொடவில்லை என்று அவர் சொன்னது அமெரிக்காவில் பிரசித்தம். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் 1900இல் வந்தது, முப்பத்தேழு வருடம் கழித்து. படம் அந்தக் கொடியை ட்ரிப் கையில் கொடுத்துச் சாகடித்துவிட்டது. உயிரோடு திரும்பிய மனிதர் கதையிலிருந்து காணாமல் போனார். என்னைக் கேட்டால் இது தேவையில்லாத மாற்றம்.

54ஆவதின் இழப்பு 272. திரையில் வரும் எழுத்து “பாதிக்கு மேல்” என்கிறது. பாதிக்குச் சற்றுக் குறைவு. யூனியன் தரப்பு மொத்த இழப்பு 1,515, எதிரிக்கு 174. கோட்டை பற்றிய வரி பாதி உண்மை. தாக்கிப் பிடிக்க முடியவில்லை. பிறகு மணலில் பள்ளம் வெட்டிக்கொண்டே நெருங்கிப்போய் முற்றுகையிட்டார்கள், செப்டம்பர் 6 இரவு எதிரிகள் தாங்களாகவே காலிசெய்து போனார்கள். அந்தப் பள்ளம் வெட்டும் வேலையில் பெரும்பங்கு யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

போர் வரைபடம் பிடித்தவர்கள் யாராவது வந்தால் ஒரு சங்கதி: தாக்குதல் தெற்கிலிருந்து வடக்கே போனது, கடல் வலது கைப்பக்கம் இருந்திருக்க வேண்டும். படத்தில் இடப்பக்கம் இருக்கும். ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவில் எடுத்ததால் வந்த வினை.

---

பழைய ஏடு:

திரையிடல் ஏற்பாட்டுக்கு: படம் 122 நிமிடம், நடுவில் நிறுத்தாதீர்கள். இனவசைச் சொற்கள் நிறைய வரும், சவுக்கடியும் தலை சிதறும் காட்சியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பத்து நிமிட அறிமுகத்தில் ஐந்தை எதிரிகளின் சட்டத்துக்கு ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஆபத்தின் அளவு புரியாது. 1863 மே 1 அன்று தென் மாகாணக் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானப்படி, கறுப்பினப் படையை நடத்தும் வெள்ளை அதிகாரி பிடிபட்டால் மரண தண்டனை வரை போகலாம். கறுப்பின வீரர்கள் அந்தந்த மாகாண அரசிடம் ஒப்படைக்கப்படுவார்கள். அதற்கு அர்த்தம் மீண்டும் அடிமைத்தனம் அல்லது தூக்கு. வாக்னருக்குப் பிறகு, ஜூலை 30 அன்று லிங்கன் பதிலுக்குப் பதில் என்று ஆணை போட்டார். கைதிப் பரிமாற்றமே முடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். படத்தில் இரவில் ஷா இந்த அறிவிப்பைப் படித்துக்காட்டி, விலக விரும்புபவர்கள் விலகலாம் என்பார். மறுநாள் காலை யாரும் விலகாமல் நிற்கும் காட்சி நாடகம், சட்டம் நிஜம்.

மீதி ஐந்து நிமிடத்தில் நியூயார்க் கலவரத்தைச் சொல்லுங்கள். படத்தில் அது இல்லவே இல்லை. கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து 1863 ஜூலை 13 முதல் 16 வரை நடந்த கலவரத்தில் கறுப்பின மக்களைத் தெருவில் அடித்துக் கொன்றார்கள், கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்துக்குத் தீ வைத்தார்கள். வாக்னர் தாக்குதல் அதற்கு இரண்டு நாள் கழித்து. 54ஆவதின் சார்ஜென்ட் ராபர்ட் சிம்மன்ஸ் வாக்னரில் காயமடைந்து பிடிபட்டு சார்ல்ஸ்டனில் இறந்தார். அதே வாரம் அவருடைய சகோதரியின் சின்னப் பையனை நியூயார்க்கில் கும்பல் கொன்றிருந்தது. இனவெறுப்பு தெற்கில் மட்டும் இருந்தது என்று நினைப்பவர்களுக்கு இது போதும்.

---

நிழற்கொட்டகை:

மிக்க நன்றி எல்லாருக்கும். சம்பளப் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து நாற்காலிகளில் வைத்துவிடுகிறேன். ஒன்று மட்டும்: ரெஜிமென்டில் கடைசிவரை ஒரு கறுப்பின அதிகாரிகூட இல்லையா? படத்தில் ராலின்ஸ் சார்ஜென்ட் மேஜர் ஆவதோடு நின்றுவிடுகிறதே.

---

கணக்கன்:

இருந்தார். ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸ், சார்ஜென்டாக இருந்தவர். ஒலஸ்டீயில் தலையில் காயம். 1864 மார்ச்சில் ஆளுநர் ஆண்ட்ரூ அவரை இரண்டாம் லெஃப்டினன்டாக நியமித்தார். ஆப்பிரிக்க வம்சாவளி என்ற காரணத்தைச் சொல்லிப் போர்த்துறை ஏற்க மறுத்தது. அதிகாரி வேலையைச் செய்துகொண்டே, பதவி இல்லாமல் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1865 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்கள். போர் முடிந்து தென் கரோலினாவிலேயே தங்கி வழக்கறிஞரானார், மாகாண செனட்டுக்கும் போனார்.

தாளில் பதவிவாரியான சம்பளத்தையும் சேர்த்துப் போடுங்கள்: 13, 17, 21 ஒரு பத்தியில், 7, 7, 7 எதிர்ப் பத்தியில்.